கபானாவுக்கு ஒரு றபான்

வாங்க மருமகன், வாங்க. கத்தார்ல உழைச்ச சல்லியில கற்பிட்டிக் கடலோரமாக் காணி வாங்கி, கிடுகால கூரை போட்டு, கூரைக்குக் கீழ ஏசியும் பூட்டி, கபானா எண்டு பேரும் வெச்சாச்சு. சோழகம் கிளம்பினா பட்டத்தைப் பிடிச்சுத் தொங்கிக்கிட்டுக் கடல்ல ஓடுற வெள்ளைக்காரங்களும் வந்து இறங்கிருவாங்க. எல்லாம் சரி, வரவேற்பறைச் சுவர்ல மட்டும் ஒரு இடம் வெறுமையாக் கிடக்காம். அதுல மாட்டுறதுக்கு 'ஒரிஜினல்' றபான் மேளம் ஒண்டு வேணுமாம். அதுக்கு மாமாவைத் தேடி வந்திருக்கீங்க. மாமா உசிரோட இருக்கிற ஞாபகம் ஒரு சுவரால வந்திருக்கு, அல்ஹம்துலில்லாஹ். இருங்க, பிளேன்டி வருது.

நிபந்தனையும் மூண்டு கொண்டு வந்திருக்கீங்க. தோல் தொய்யக் கூடாது, நாத்தம் அடிக்கக் கூடாது, பத்து வருஷத்துக்குத் திரும்பிப் பாக்கத் தேவையில்லாம நிண்டு பிடிக்கணும். நல்லது. கொழும்புல பிளாஸ்டிக் தோல் போட்ட மேளம் விக்கிறாங்க. மழைக்கும் தொய்யாது, வெயிலுக்கும் இறுகாது, ஆடு எண்ட பேச்சே அதுல கிடையாது. அதை வாங்கி மாட்டிட்டு, கேக்கிறவங்களுக்கு எங்க மூத்தவாப்பா அடிச்ச றபான் எண்டு சொல்லுங்க. நம்புவாங்க. வெள்ளைக்காரன் உங்க கிடுகுக் கூரையையே நம்பியிருக்கான்.

இல்ல மாமா, மெய்யான றபான்தான் வேணும் எண்டா, கேளுங்க. கடையில தொங்குற றபானைத் தட்டிப் பாத்து விலை பேசுறவன், மாப்பிள்ளைட சட்டையைப் பாத்துப் பொண்ணு குடுக்கிறவன். முதல்ல ஆட்டைப் பாக்கணும். கிடாய்த் தோல் தடிப்பு, அதுல உள்ள வாடையும் லேசில போகாது. மறியாட்டுத் தோல் மெல்லிசு, சத்தம் கூர்மையா வரும். தோலை உரிச்சதும் சூரியனுக்கு நேரா விரிச்சுப் பிடிச்சு ஒரு கண்ணை மூடிக்கிட்டுப் பாருங்க. நம்ம பக்கத்து ஆடு எல்லாம் முள்ளுப் பத்தைக்குள்ள மேயுற ஆடு. முள்ளுக் கீறினது, உண்ணி கடிச்சது, கம்பி வேலிக்குள்ளால புகுந்து பக்கத்து வளவுப் பயித்தங்காயைத் திண்டது, எல்லாத்துக்கும் தோல்ல கணக்கு இருக்கும். ஆடு உசிரோட இருக்கும்போது ஆறின காயம் எண்டு விட்டீங்களெண்டா, இழுத்துக் கட்டி நெருப்புல காட்டுற அண்டைக்கு அந்த இடத்தாலதான் பிளக்கும்.

முதுகெலும்பு ஓடின இடம் மற்ற இடத்தை விடத் தடிப்பு. அந்தக் கோடு வட்டத்தின்ட நடுவால ஓடணும். ஒரு பக்கமா விழுந்தா ஒரு பாதி இறுகிப் போகும், மறுபாதி தளந்து கிடக்கும். அடிக்கிறவனுக்கு ஒரு கையில ஒரு றபானும் மறு கையில வேற றபானும் இருக்கிற மாதிரித்தான். ஹஜ்ஜுப் பெருநாளைக்குத் தோல் மலிவு, அப்ப வாங்குவம் எண்டு கெட்டித்தனமா யோசிப்பீங்க, எனக்குத் தெரியும். அண்டைக்குத் தோல் மலிவுதான். அண்டைக்குக் கத்தி பிடிக்கிறவங்களும் மலிவுதான். வருஷத்துக்கு ஒருக்காக் கத்தி எடுக்கிற ஆக்கள், இறைச்சியைப் பங்கு வெக்கிற அவசரம், தோல் முழுக்கக் கத்தி பட்ட ஓட்டை. உரிக்கிறதுக்குக் கத்தியை விட முட்டிக்கைதான் நல்லது. கையை மூடித் தோலுக்கும் சதைக்கும் நடுவால தள்ளித் தள்ளிக் கழட்டணும்.

அடுத்தது உப்பு. இதுல மட்டும் நமக்குக் குறையில்ல. புத்தளத்து உப்பு நாடு முழுக்கச் சோத்துக்குள்ள கிடக்கு. உரிச்ச தோலை அண்டைக்கே ஊறப் போட வசதியில்ல எண்டா உப்பைத் தடவி மடிச்சு வெச்சிரலாம், அழுகாது. ஆனா பிறகு அந்த உப்பைக் கழுவுறது இருக்கே, அதுதான் கைத்தொழில்காரனும் அவசரக்காரனும் பிரியுற இடம். தண்ணியை மாத்தி மாத்திக் கழுவணும். உப்பு உள்ள மிஞ்சிச்செண்டா அது சும்மா இருக்காது, காத்துல உள்ள ஈரத்தை இழுத்து இழுத்துக் குடிக்கும். அப்பிடியான றபான் உச்சி வெயில்லயும் ஈரச் சாக்கு மாதிரி 'தொப்'பெண்டுதான் பேசும். நாக்கு நுனியால தோலைத் தொட்டுப் பாத்து உப்புப் போயிட்டா இல்லையா எண்டு சொல்ற ஆக்கள் இருந்தாங்க. நீங்க அப்பிடிச் செய்யாதீங்க, உங்கட கபானாச் சமையல்காரன் பாத்தா வேலையை விட்டுட்டுப் போயிருவான்.

பிறகு சுண்ணாம்புத் தண்ணி. இல்லாட்டி அடுப்புச் சாம்பலைக் கரைச்ச தண்ணி. சில நாள் ஊறினா மயிர் கையோட கழண்டு வரும். அருவக்காட்டுல சுண்ணாம்புக் கல்லை வெட்டி வெட்டிச் சீமெந்து ஆலைக்கு அனுப்புறாங்க. நமக்குத் தேவை வெத்திலைக்குத் தடவுறதை விடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். ஊறினதை ஒரு உருளைக் கட்டையில போட்டு, கூரில்லாத கத்தியால ரெண்டு பக்கமும் வழிக்கணும். கூரான கத்தி எடுத்தீங்களெண்டா திரும்பவும் ஆடு தேடப் போகணும்.

நாத்தம் அடிக்கக் கூடாது எண்டீங்களே, அந்த ரெண்டாவது நிபந்தனையை இந்த வாளிக்குப் பக்கத்துல நிண்டு ஒருக்காச் சொல்லிப் பாருங்க. கொழும்புக் குப்பையை அருவக்காட்டுல கொண்டு வந்து கொட்டப் போறாங்க எண்டு 2018 இல புத்தளமே திரண்டு எதிர்ப்புக் காட்டிச்சு, தெரியும்தானே. அதுக்குக் கனகாலம் முந்தியே உங்க மாமி இந்த வாளிக்கு எதிராத் தனியாளா நிண்டு போராடினவ. அரசாங்கம் அவவோட பேசிப் பாத்திருந்தா எப்பிடி ஒரு போராட்டம் வருஷக்கணக்குல சோராம நிக்கும் எண்டு படிச்சிருக்கும். ஒண்டு மட்டும் சொல்றன், ஒழுங்காக் கழுவி வழிச்சுக் காய வெச்ச தோல் நாத்தம் அடிக்காது. கடையில வாங்கின றபான் மாரி காலத்துல வாடை விட்டுச்செண்டா செஞ்சவன் வாளியில அவசரப்பட்டிருக்கான் எண்டு அர்த்தம்.

மரத்துக்கு வருவம். பலாதான் நல்லது. பாரமும் அளவு, கடைசலுக்கும் ஒத்து வரும், பூச்சியும் லேசில தொடாது. உங்க காணிக் கரையில நிக்கிற பலாவை இண்டைக்கு ராவைக்கே சாய்ச்சிருவம் எண்டு கண் போகுது, கவனிச்சன். பலா, ஈரப்பலா, பனை மூண்டையும் நினைச்ச மாதிரி வெட்ட ஏலாது எண்டு 1951 ஆம் ஆண்டுலேயே சட்டம் போட்டிருக்கு, அனுமதி எடுக்கணும். பிரதேச செயலகத்துக்கு நடக்கிற நடையில மரமும் காஞ்சிரும், அது ஒரு வசதி. ஏனெண்டா மரம் காயத்தான் வேணும். பச்சை மரத்தைக் கடைஞ்சு வட்டமாக்கி வெச்சா, அது காயும்போது ஒரு பக்கம் கூடச் சுருங்கும், ஒரு பக்கம் குறையச் சுருங்கும். வட்டம் நீள்வட்டமாகி நிக்கும். அதுல தோலை எவ்வளவு இழுத்தாலும் ஒரே இறுக்கம் வராது. கடைசல் பட்டறையில சுத்திவர அரக்குச் சாயம் ஏத்துவாங்க, சிவப்பும் மஞ்சளும் கறுப்புமா வளையம் வளையமா. அது வடிவுக்கு. சத்தத்துக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. உங்க சுவருக்கு அது மட்டும் போதும், மிச்சம் எல்லாம் வீண் செலவு எண்டு நினைக்கிறீங்க போல.

ஈரத்தோலைச் சட்டத்துல போத்தி ஆணி அடிக்கிறதுக்கு ஒரு முறை இருக்கு. ஒரு ஆணி இங்க எண்டா அடுத்த ஆணி நேர் எதிர்ப்பக்கம். அதுக்கு அடுத்தது குறுக்க, பிறகு அதுக்கு எதிர்ப்பக்கம். வரிசையா அடிச்சுக்கிட்டுப் போனா சுருக்கம் எல்லாம் கடைசி ஆணிக்கு வந்து சேரும். குமிழ் வெச்ச பித்தளை ஆணி வேணும். இரும்பு ஆணி கடற்காத்துக்குத் துருப் பிடிச்சு, துரு தோலைத் திண்டு, ஒரு நாள் பைத்துப் பாட்டுக்கு நடுவால கழண்டு போகும். காய வெக்கிறது நிழல்ல. வெயில்ல வெச்சா வேகமாக் காயும், வேகமா வெடிக்கும். இழுவையும் கண்டபடி இழுக்கக் கூடாது. ஈரத்தோல் எவ்வளவு இழுத்தாலும் விட்டுக் குடுக்கும், காயும்போது சுருங்கித் தன்ட கணக்கைத் திருப்பிக் கேக்கும். மெல்லிசான சட்டமெண்டா சட்டமே கோணிரும்.

இனி உங்கட முதல் நிபந்தனை. தோல் தொய்யக் கூடாது. மருமகன், நீங்க கபானா கட்டியிருக்கிறது எங்க? ஒரு பக்கம் பெருங்கடல், மறுபக்கம் களப்பு, நடுவால ஒரு கீலம் நிலம். பொழுது சாஞ்சா ரெண்டு பக்கத்தாலயும் ஈரம் வருது. காஞ்ச தோல் அதைக் குடிக்குது. குடிச்சா இழுவை குறையுது, பாரம் கூடுது, ரெண்டும் சேந்து சுருதியைக் கீழ இறக்குது. தோல் எண்டா அப்பிடித்தான். உங்கட தொலைபேசித் திரை மேகத்தைப் பாத்து மழை சொல்றதுக்கு முந்தி றபான் சொல்லிரும்.

அதுக்குத்தான் நெருப்பு. சிரட்டைக்கரி தணலா இருக்கணும், சுவாலை இருக்கக் கூடாது. றபானை முகம் கீழ பாக்கப் பிடிச்சு, ஒரு சாண் உசரத்துல சுத்திச் சுத்திக் காட்டணும். இடைக்கிடை விரலால தட்டிப் பாக்கணும். 'தொப்' எண்டது 'தம்' எண்டு வரும், 'தம்' எண்டது 'டங்' எண்டு வரும். 'டங்' வந்த உடனே எடுத்திரணும். இன்னும் கொஞ்சம் எண்டு ஆசைப்பட்டா 'படார்' எண்டு வரும். அது றபான்ட கடைசி வார்த்தை.

எவ்வளவு காய்ச்சினாலும் கொஞ்ச நேரத்துல திரும்பத் தொய்யும். ரெண்டு பைத்துப் படிச்சா ஒருத்தர் எழும்பி நெருப்புக்குப் போகணும். மற்றவங்க சும்மா இருக்கணும். சும்மா எண்டா, சும்மாவா இருப்பாங்க? தோணி விலை பேசுவாங்க. வலைக் கடன் பேசுவாங்க. யார்ட வாடியில எவ்வளவு மீன் பட்டது, யார் எவ்வளவுக்குப் பொய் சொன்னது எல்லாம் அந்த நெருப்புக்கிட்டத்தான் வெளிக்கும். உங்க உம்மாவை உங்க வாப்பாவுக்குப் பேசினதும் அப்பிடி ஒரு றபான் காயுற நேரத்துலதான். வேற ஒரு வீட்டுக் கலியாணம், மழை தூறி றபான் எல்லாம் படுத்துப் போச்சு, நெருப்பும் சரியாப் பிடிக்கல்ல. அவ்வளவு நேரம் பேச வேற விஷயம் இல்லாம உங்க ரெண்டு மூத்தவாப்பாவும் சீதனம் வரைக்கும் பேசி முடிச்சிட்டாங்க. தோல் தொய்யாத றபான் அண்டைக்கு இருந்திருந்தா நீங்க இல்ல, கத்தார் இல்ல, கபானாவும் இல்ல. இப்ப சொல்லுங்க, தொய்யக் கூடாதா?

நாம மட்டும்தான் இப்பிடி எண்டு நினைக்காதீங்க. சிலாபத்துக்கு அங்கால சிங்கள வீடுகள்ல ஏப்ரல் மாசம் புத்தாண்டுக்கு ஒரு றபான் இறக்குவாங்க, பங்கு றபான். குட்டைக் கால் வெச்சு நிலத்துல நிக்கும். மேசை மாதிரிப் பெருசு. சுத்திவரப் பொம்பிளைகள் இருந்து ரெண்டு கையாலயும் அடிப்பாங்க. கீழ ஒரு சட்டியில தணல் வெச்சிருவாங்க, அடிக்க அடிக்கவே காஞ்சுக்கிட்டிருக்கும். நம்மட ஆம்பிளைகளுக்கு அந்தப் புத்தி வரல்ல, எழும்பி எழும்பி நெருப்புக்கு நடக்கிறம். அந்த வட்டத்துல மாமியாரும் மருமகளும் பக்கத்துல பக்கத்துல இருந்து ஒரே தோல்ல அடிக்கிறதை ஒருக்காப் பாருங்க. வருஷம் முழுக்க உள்ள கணக்கு ஒரு காலையில தீந்திரும். தோல் பாவம்.

சிராம்பியடிக்கும் ஒரு நடை போயிட்டு வாங்க. உங்க கபானாவுல இருந்து எவ்வளவு தூரம்? வெள்ளைக்காரன்ட ஆட்சியில படையில இருந்த ஆபிரிக்க ஆக்களோட சந்ததி, காப்பிரி ஆக்கள் எண்டு நாடு சொல்லுது, அவங்களும் அப்பிடித்தான் சொல்றாங்க. 19 ஆம் நூற்றாண்டுல படை கலைஞ்சு புத்தளத்துல குடியேறினவங்க. மன்ஜா எண்டு பாட்டு, போத்துக்கீசக் கலப்பு மொழியில. மெதுவாத் தொடங்கும், போகப் போக வேகம் ஏறும், கடைசியில இருக்கிறவன் எவனும் இருந்த இடத்துல இருக்க மாட்டான். மேளத்தோட சேத்து அவங்க எடுக்கிறது ரெண்டு சிரட்டை, ஒரு கண்ணாடிப் போத்தல், ஒரு கரண்டி. உங்க வரவேற்பறைக்கு 'ஒரிஜினல்' கரண்டி ஒண்டு மாட்டினாலும் தப்பில்ல எண்டு எனக்குப் படுது. அவங்களைக் கூப்பிட்டு 'ஆபிரிக்க இரவு' எண்டு பலகை போடுற எண்ணம் இருந்தா அதை மட்டும் விட்டுருங்க. உங்க பாட்டன் இந்த ஊருக்கு எப்ப வந்தாரு எண்டு அவங்க திருப்பிக் கேட்டா உங்களுக்குப் பதில் தெரியாது.

 

இந்த வட்டச் சட்டத்தை முதல்ல இங்க கொண்டு வந்தது யாரு எண்டு உங்கட விளம்பரத் தாள்ல எழுதணும் எண்டீங்க. அரபிக் கப்பல்காரன் கொண்டு வந்தான் எண்டு நம்ம ஆக்கள் சொல்வாங்க. ஒல்லாந்தர் காலத்துல வந்த ஜாவா ஆக்கள் நாங்கதான் எண்டு சொல்வாங்க. சிங்கள ஆக்கள் எங்கட வீட்டுல எண்டைக்கும் இருந்தது எண்டு சொல்வாங்க. இபுனு பதூதா 1344 இல இந்தப் புத்தளத்துல வந்து இறங்கி, ஆரியச் சக்கரவர்த்தியைப் பாத்து, கரையில ஒதுங்கிக் கிடந்த கறுவாவையும் அரசன்ட முத்தையும் பத்தி எழுதி வெச்சிட்டுப் போனாரு. அவரையும் இழுத்து விளம்பரத்துல போட்டுருங்க, சாட்சிக்கு வர மாட்டாரு. என்ட கணக்குல, ஆடும் மரமும் நெருப்பும் உள்ள இடத்துல எல்லாம் யாரோ ஒருத்தன் தோலை வட்டத்துல இழுத்துத் தட்டித்தான் பாத்திருப்பான். தமிழ்நாட்டுப் பறையைப் பாருங்க. மூண்டு துண்டு மரத்தைச் சேத்து வட்டமாக்கி, கண்டுக்குட்டித் தோலைப் புளியங்கொட்டைப் பசையால ஒட்டி, அடிக்க முந்தி வைக்கோல் நெருப்புல காட்டுறாங்க. நம்ம நாட்டுப் பறை மேளமோ ரெண்டு முகம் வெச்ச உருளை. ஒரே பேர்ல வேற சாமான், வேற பேர்ல ஒரே நெருப்பு.

யூடியூப்ல கஞ்சிரா பாத்துட்டு, அது மாதிரிச் சின்னதாச் செஞ்சா உல்லாசப் பயணிக்கு விக்கலாம் எண்டு ஒரு யோசனையும் சொன்னீங்க. அருமையான யோசனை. புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை அதைக் கச்சேரி மேடைக்கு ஏத்தினவரு. ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைஞ்ச அகலம், பலாச் சட்டம், உடும்புத் தோல். இந்தியாவுல உடும்பு 1972 ஆம் ஆண்டுச் சட்டத்துக்குள்ள வந்திட்டு, இப்ப ஆட்டுத் தோலும் செயற்கைத் தோலும் போடுறாங்க. இங்க நீங்க வில்பத்துப் பக்கம் உடும்பைத் தேடிப் போனா வனஜீவராசிகள் திணைக்களத்துக்காரங்க உங்களைத் தேடி வருவாங்க, கபானாவுக்கு அதுவும் ஒரு விளம்பரம். இன்னொண்டு, கஞ்சிராக்காரன் நம்மளுக்கு நேர் எதிர். நாம சுருதி ஏத்த நெருப்புக்குப் போறம், அவன் சுருதி இறக்க உள்பக்கமாத் தண்ணியைத் தெளிக்கிறான். கற்பிட்டியில அவனுக்குத் தண்ணிச் செலவு இல்ல.

உங்க மச்சான் ஒருத்தன் றபானே கூடாது எண்டு வாட்ஸப்புல அனுப்பியிருக்கான் எண்டு கவலைப்பட்டீங்க. கூடாது எண்டு ஒருத்தர் ஒரு மணித்தியாலம் ஒலிபெருக்கியில பேசினதை நானும் கேட்டன். கூடும் எண்டு மற்றவர் அதை விடக் கூடப் பேசினதையும் கேட்டன். ரெண்டு பேர்ட சத்தத்துக்கும் முன்னால றபான் ஒரு சத்தமா? பெருநாளண்டு ஆயிஷா நாயகியிட வீட்டுல ரெண்டு சிறுமிகள் நம்ம றபான் மாதிரியான தஃப் அடிச்சதும், அபூபக்கர் நாயகம் அதட்டினதும், விட்டுருங்க எண்டு நபிகள் நாயகம் சொன்னதும் புகாரியில இருக்கு. மச்சானுக்கு அதை அனுப்புங்க. அவன் பதிலுக்கு இன்னொண்டு அனுப்புவான். அது போய்க்கிட்டே இருக்கும், டேட்டா உங்கட. நான் ஓதின ஆள் இல்ல. கலியாணத்துல டீஜே பூட்டி யன்னல் கண்ணாடி நடுங்குற வீட்டுக்காரன் றபானைப் பாத்து அஸ்தக்பிருல்லாஹ் சொல்லும்போது மட்டும் எனக்குத் தாடிக்குள்ள சிரிப்பு வரும். தாடி அதுக்கும் உதவுது.

சகர் பாவாவை ஞாபகம் இருக்கா? நோன்பு மாசம் நடுச்சாமம் தாண்டினா றபானைத் தட்டிக்கிட்டுப் பைத்துப் படிச்சபடி ஒழுங்கை ஒழுங்கையா வருவாரு. நீங்க போர்வைக்குள்ள தலையை இழுப்பீங்க. இப்ப எல்லார்ட தலைமாட்டுலயும் தொலைபேசி. அது அடிச்சா விரலால ஒரு தட்டு, திரும்பப் படுக்கை. பாவாவை அப்பிடி நிப்பாட்ட ஏலாது. விளக்கு எரியுற வரைக்கும் வாசலை விட மாட்டாரு. பெருநாள் அண்டைக்கும் அதே றபானோட வாசல்ல நிப்பாரு, பெருநாள் சல்லி வாங்க. எழும்பாமப் படுத்துக் கிடந்த வீட்டுக்காரனும் அண்டைக்கு முகம் பாத்துச் சல்லி குடுக்கணும், அதுதான் அதுல உள்ள தண்டம்.

பாவாமாருக்குத் தாயிரா எண்டு ஒரு வகை றபான் இருக்கு. பலாங்கொடைப் பக்கம் தப்தர் ஜெய்லானியில கொடியேத்தத்துக்குக் கூடும்போது பாக்கணும். ரிபாயி ராத்திபு எண்ட சடங்குல தாயிராச் சத்தம் ஏற ஏற ஊசியும் கத்தியும் எடுப்பாங்க. வெட்டுக்குத்து ராத்திபு எண்டு சொல்றது அதைத்தான். வேகம் ஏறாம ஒருத்தரும் ஊசியைத் தொட மாட்டாங்க. அந்த வேகம் வர நேரம் எடுக்கும். முதல்ல பைத்து, ஸலவாத்து, மெதுவான அடி, பிறகு கொஞ்சம் கொஞ்சமா.

இதை ஏன் சொல்றன் எண்டா, நீங்க சனிக்கிழமை ராவு நீச்சல் குளத்துக்குப் பக்கத்துல பாவாமாரை வெச்சு நிகழ்ச்சி போடப் போறீங்க எண்டு ஊர்ல கேள்விப்பட்டன். ஏழரைக்குத் தொடங்கி ஏழு ஐம்பதுக்கு முடியணுமாம், பிறகு பார்பெக்யூவாம். மருமகன், ஏழு ஐம்பதுக்கு அவங்க தொண்டையைச் செருமி முடிச்சிருக்க மாட்டாங்க. குளத்து ஈரத்துல றபான் ரெண்டாவது தட்டுலயே படுத்திரும். காய்ச்ச நெருப்புக் கேப்பாங்க, நீங்க பார்பெக்யூ அடுப்பைத்தான் காட்டுவீங்க. அங்க பண்டி இறைச்சி இருக்கும். மிச்சத்தை நீங்களே யோசிச்சுக்கொள்ளுங்க. அவசரமா ஒரு வேடிக்கை காட்டணும் எண்டா கண்டிப் பெரஹராவுல குச்சி நுனியில றபானைச் சுழட்டுற கெட்டிக்காரங்க இருக்காங்க, அவங்களைக் கூப்பிடுங்க. அவங்கட றபான் தோல் தொய்ஞ்சாலும் சுழலும்.

பத்து வருஷம் நிண்டு பிடிக்கணும் எண்ட மூண்டாவது நிபந்தனைக்குப் பதில் சொல்லல்ல எண்டு பாக்கிறீங்க. ஏசி ஓடுற சுவர்ல மாட்டினா பகல் முழுக்க வறண்டு இறுகும், கரண்டு போனா ராவு ஈரத்துக்குத் தொய்யும். நுரைச்சோலையில அனல்மின் நிலையத்தைப் பக்கத்துல வெச்சுக்கிட்டும் நமக்குக் கரண்டு போகும், அதுவும் ஒரு கைத்தொழில்தான். இப்பிடி இறுகித் தளந்து இறுகித் தளந்து, ஒருத்தரும் தட்டாமலே ஒரு நாள் ஆணி ஓரத்தால கிழிஞ்சு தொங்கும். வேலை செய்யுற றபானுக்கும் தோல் போகும்தான், ஆனா சட்டம் இருக்கும், வேற தோல் போத்தலாம். நம்ம வீட்டுச் சட்டம் எத்தினை ஆட்டைத் திண்டிருக்கு எண்டு எனக்கே தெரியாது. மாட்டத்தான் வேணுமெண்டா ஆணியில மாட்டாதீங்க, கொக்கி போடுங்க, கழட்டி எடுக்க ஏலுமான மாதிரி. வாசல்ல ஒரு சிரட்டைக்கரிச் சட்டியும் வைங்க. உங்க வேலைக்காரப் பொடியன்மார்ல ரெண்டு பேருக்கு அடிக்கத் தெரியும், கேட்டா தெரியாது எண்டு சொல்வாங்க. சம்பளம் வெட்டுவீங்க எண்ட பயம்.

சரி, பிளேன்டி ஆறிட்டுது, குடிங்க. முந்தல் றோட்டுல ஒருத்தர்ட பட்டியில நல்ல மறியாடு ஒண்டு நிக்கு. சிவப்பு, முதுகுல ஒரு கீறல் இல்ல, நானே தடவிப் பாத்தது. நாளைக்குச் சுபஹுக்குப் பிறகு போங்க, வெயில் ஏறினா விலையும் ஏறும். முதல் கேக்கிற விலையில பாதியில தொடங்குங்க. நான் அனுப்பினன் எண்டு மட்டும் வாயைத் திறந்திராதீங்க. போன ஹஜ்ஜுப் பெருநாளைக்கு வாங்கின கிடாய்க்கு அவருக்கு நான் இன்னும் சல்லி குடுக்கல்ல. கேட்டா, ரெண்டையும் சேத்து நீங்களே குடுத்திருங்க.